கூரையும் புகையும்

அத்தை வீட்டைப் பற்றி எழுதப் போவதாக நண்பர்களிடம் சொல்ல ஆரம்பித்துப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. திருநெல்வேலி ஜங்ஷனில் சாயங்காலங்களில் கூடும் நாலைந்து பேருக்கு இது ஒரு கேலிப் பொருளாகவே ஆகிவிட்டது. எழுதாததற்கு என் சோம்பல் ஒரு காரணம். இன்னொரு காரணம், எழுத உட்கார்ந்தபோதெல்லாம் கட்டுரை மிக அழகாக வந்துகொண்டிருந்ததுதான். அப்படி வருவதில் ஏதோ பிசகு இருக்கிறது என்று தோன்றும். என்ன பிசகு என்று தெரியாது. தாளைக் கிழித்துப் போடுவேன். இப்போது வீடு இல்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் போய்விட்டது. பிசகு என்ன என்று கொஞ்சம் தெரிகிறது. ஆகவே எழுதுகிறேன்.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கு என்றதும் வெளியூர் நண்பர்கள் நெல்வயலையும் வாய்க்காலையும் ஓட்டு வீடுகள் வரிசையாக நிற்கும் தெருக்களையும் நினைத்துக்கொள்கிறார்கள். பாபநாசத்தில் மலையிறங்கும் ஆற்றை எட்டு அணைக்கட்டுகள் தடுத்துத் தடுத்துக் கால்வாய்களில் திருப்பிவிடுகின்றன. எட்டாவது ஸ்ரீவைகுண்டம் அணை, 1870களில் வெள்ளைக்காரன் கட்டியது. அதைத் தாண்டித் தெற்கே கொஞ்ச தூரம் போனால் பச்சை சட்டென்று நின்று செம்மணல் மேடு தொடங்கிவிடும். தேரி என்கிறோம். ஆனியிலும் ஆடியிலும் மேல்காற்று அந்த மணலைத் தூக்கிக்கொண்டு அலையும். அங்கே நெல் கிடையாது, வைக்கோலும் கிடையாது. இருப்பது பனை. அத்தை வீடு குரும்பூருக்குத் தெற்கே, இந்த இரண்டு உலகங்களும் முட்டிக்கொள்கிற ஓரத்தில் இருந்தது.

கட்டியது என் பூட்டனார். முகட்டைத் தாங்கும் உத்திரத்தில் 1934 என்று உளியால் கொத்தியிருந்தது. நான்கின் கால் சற்று நீண்டு ஒன்பது போலவும் தெரியும். சுவர் மண்சுவர், ஒன்றரை அடி கனம். குளத்துக் கரம்பையும் செம்மணலும் கலந்து மிதித்து, ஒரு படை வைத்து, அது காய்ந்தபின் அடுத்த படை வைத்து எழுப்பியது. அவசரப்பட்டால் கீழ்ப்படை பிதுங்கிவிடும். ஆகவே ஒரு சுவர் எழும்புவதன் வேகத்தை வெயில்தான் தீர்மானித்தது. உள்ளே பட்டாசல், அதை ஒட்டி ஒரு அரங்கு, மூலையில் அடுக்களை. மேற்குச் சுவரில் ஜன்னல் வைக்கவில்லை. மேல்காற்றுக்கும் மணலுக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிற ஆள் மாதிரி இருக்கும்.

கூரைதான் வீடு. சுவர் ஆறடி, தரையிலிருந்து முகடு பதினான்கடி. இவ்வளவு செங்குத்தாகச் சரித்ததற்குக் காரணம், ஓலை தண்ணீரைத் தடுப்பதில்லை, ஊறுவதற்குள் ஓடவிடுகிறது என்பதுதான். முன்பக்கம் திண்ணையை மூடிக்கொண்டு இறவாரம் இடுப்புக்குச் சற்று மேல் வரை இறங்கியிருக்கும். குனியாமல் யாரும் உள்ளே போனதில்லை. ஒருமுறை வந்த தாசில்தாரும் குனிந்துதான் போனார் என்று அப்பா சொல்வார். கைமரங்கள் பதினேழு ஜோடி, எல்லாம் பனை. மற்ற மரங்களுக்கு வைரம் நடுவில் இருக்கும். பனைக்கு வைரம் வெளிப்புறத்தில். உள்ளே இருப்பது சோறு மாதிரி மெத்தென்றிருக்கும். முற்றிய பனையை நீளவாட்டில் பிளந்து, உள்ளிருப்பதைச் செதுக்கித் தள்ளிவிட்டுக் கறுத்த விளிம்பை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். அதன் மேல் வரிச்சு. எங்குமே ஆணி கிடையாது. பனைமட்டையிலிருந்து உரித்த அகணி நாரைத் தண்ணீரில் ஊறவைத்துக் கட்டுவது. காயும்போது அது தானே இறுகிக்கொள்ளும். காற்றடித்தால் கூரை முழுவதும் லேசாக அசைந்து கொடுத்துத் திரும்பி உட்காரும்.

புத்தகத்தில் கூரை 'வேய்வது'. எங்கள் ஊரில் 'மேய்வது'. வருஷா வருஷம் பனையேற்றுப் பருவம் தொடங்குமுன் மரத்தைச் சுத்தம் செய்யும்போது கழித்த ஓலைகளை மிதித்து அடுக்கிப் பாரம் வைத்திருப்பார்கள். தட்டையானதும் இறவாரத்தில் தொடங்கி ஒன்றின் மேல் ஒன்றாக முகட்டை நோக்கி ஏற்றிக் கட்டுவார்கள். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை இது நடந்தாக வேண்டும். தச்சன், கொத்தன் யாருக்கும் வேலையில்லை. மரம் ஏறியவர்களே மேய்ந்தார்கள். கட்டியவன், குடியிருந்தவன், பழுது பார்த்தவன், பொருளை விளைவித்தவன் எல்லாம் ஒரே ஆள்.

2014இல், கம்ப்யூட்டர் வந்தபின் பேங்கில் வீணாய்க் கிடந்த பழைய பேரேட்டுத் தாள் ஒன்றை எடுத்துப் போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் டேப்பை வைத்துக்கொண்டு வீட்டை அளந்து படம் வரைந்தேன். அந்தப் படத்தைப் பற்றித்தான் நண்பர்களிடம் பீற்றிக்கொண்டிருந்தேன். ஆபரணமே இல்லாத உருவம், ஒவ்வொரு கோட்டுக்கும் காரணம் உள்ள உருவம் என்றெல்லாம் பேசினேன். நாமெல்லாம் கவிதையில் தேடிக்கொண்டிருப்பது இதைத்தான் என்று சொன்னதாகவும் ஞாபகம்.

அப்போது எனக்கு ஒரு வாதம் இருந்தது. அது தப்பான வாதமும் இல்லை. மாமல்லபுரத்தில் திரௌபதி ரதம் என்று சொல்லப்படுவது ஏழாம் நூற்றாண்டில் ஒற்றைப் பாறையில் செதுக்கிய குடிசை. வளைந்து இறங்கும் அதன் கூரை ஓலையின் கூரை. கோயில்களில் கொடுங்கை என்று ஸ்தபதிகள் சொல்வது நம் இறவாரம்தான். ஒப்பந்தம் எழுதும் ஸ்தபதிகள் ஆவுடையார்கோயில் கொடுங்கை மாதிரி மட்டும் செய்யச் சொல்லக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொள்வார்கள் என்றொரு வழக்கு உண்டு. போய் அண்ணாந்து பார்த்தேன். கல்லில் கைமரம், கல்லில் வரிச்சு, கல்லில் ஆணி. ஓலைக் கூரையின் அடிப்பக்கத்தை அப்படியே கருங்கல்லில் இழைத்திருக்கிறார்கள். மூலத்தை மண்ணில் மட்கவிட்டு நகலுக்குக் கும்பாபிஷேகம் செய்கிறோம் என்பது என் வாதம். கூட்டங்களில் இது எடுபடும்.

அத்தையிடம் சொன்னபோது எடுபடவில்லை. "கல்லுல செஞ்சா மேய வேண்டாம்லாய்யா" என்றாள்.

அத்தையின் இருமல் எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இருமுகிறவள்தான். மாசி பிறந்தால் ஆடி வரை விடிலியில் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவாள். விடிலியும் ஒரு ஓலைக் குடிசை. உள்ளே நாள் முழுக்க அடுப்பு. அது முடிந்து வந்தால் வீட்டு அடுப்பு. 2007இல் அரசாங்கம் இலவச கேஸ் அடுப்பு கொடுக்கத் தொடங்கியது. அத்தைக்கும் ஒன்று கிடைத்தது. சாக்கைச் சுற்றிப் பரணில் வைத்துவிட்டாள். சிலிண்டர் வாங்குகிற காசுக்கு வேறு செலவு இருந்தது.

2016இல் மூச்சு வாங்குவது அதிகமாகி டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் எடுத்த எடுப்பில், "பீடி, சுருட்டு உண்டா?" என்றார். அத்தைக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பில் இருமல் வந்து, அது நிற்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. பிறகு அவர் அடுப்பைப் பற்றிக் கேட்டார். எத்தனை வருஷம், என்ன விறகு, ஜன்னல் உண்டா என்றெல்லாம். பீடி குடிக்காத பெண்களுக்கு இந்த வியாதி வருவது விறகுப் புகையால்தான் என்றார். திரும்பி வந்து பரணிலிருந்த அடுப்பை இறக்கினேன். சிலிண்டர் என் பொறுப்பு என்று ஏற்பாடு. அந்த வருஷம் என் மனசாட்சி மிகவும் திருப்தியாக இருந்தது.

மூன்று வருஷத்தில் கூரை நொய்ந்துவிட்டது. போன மேய்ச்சலின் ஓலை காலத்துக்கு முன்பே கறுத்துப் பிசுபிசுத்தது. கைமரங்களில் மாவு மாதிரி உதிர்ந்தது, வண்டு துளைத்திருந்தது. தொட்ட இடத்தில் அகணி நார் இற்று விழுந்தது. கூரை மேய வருகிற மாமா ஒருவர், அந்தப் பக்கத்தில் இந்த வேலை தெரிந்த கடைசி இரண்டு மூன்று பேரில் ஒருவர், ஏணியில் நின்றபடி முகர்ந்து பார்த்துவிட்டு, "அடுப்பு எரியலையா?" என்றார். கேஸ் வந்துவிட்டது என்றேன். "அதான். புகை ஏறாத கூரை நிக்காது மருமகனே" என்றார்.

எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ஓலைக் கூரைக்குப் புகைபோக்கி கிடையாது. புகை பட்டாசலில் பரவி, மேலே ஏறி, ஓலைக்குள் நுழைந்து மெல்லக் கசிந்து வெளியே போகும். போகிற வழியில் ஈரத்தை உலர்த்தும், பூச்சியை விரட்டும், மரத்துக்கும் நாருக்கும் கரிப்பூச்சு ஒன்றைப் போடும். உள்பக்கத்துக்கு அரக்குப் பூசினாற்போல் ஒரு கறுத்த பளபளப்பு இருந்ததே, 2014இல் நான் அதைக் காலத்தின் மெருகு என்று குறித்துவைத்திருந்தேன். அது காலம் அல்ல. எழுபது எண்பது வருஷம் அந்த வீட்டுப் பெண்கள் ஊதிய அடுப்பு.

ஜப்பானில் ஷிரகாவா-கோ என்ற மலைக்கிராமத்தில் நாணல் கூரை வேய்ந்த பெரிய வீடுகள் இருக்கின்றன. 1995இல் அவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். அங்கேயும் கூரையையும் அதன் கயிறுகளையும் காப்பாற்றுவது தரையில் நடுவே எரியும் அடுப்பின் புகைதான். அந்த நாட்டில் பழைய வீடுகளைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கும் திறந்தவெளி மியூசியங்களில், யாருக்கும் சமைக்க வேண்டியதில்லை என்றாலும், கூரைக்காகவே அடுப்பு மூட்டுகிறார்கள். இதை நான் படித்தது அந்தச் சமயத்தில்தான். படித்தவுடன் மகிழ்ச்சியாக இருந்தது.

அடுத்த வாரமே ஊருக்குப் போய், "வாரத்துக்கு ரெண்டு நாள் மூட்டம் போடுங்க அத்தே. நீங்க திண்ணையில இருந்துக்கிட்டாப் போதும்" என்று சொன்னேன். சொன்னவன் நான்தான். வேறு யாருமில்லை. அத்தை மறுத்துப் பேசவில்லை. மருமகன் பேங்கில் வேலை பார்க்கிறவன், படித்தவன், சிலிண்டர் வாங்கித் தருகிறவன். செவ்வாயும் வெள்ளியும் பச்சை மட்டையையும் சிரட்டையையும் போட்டு மூட்டினாள். தீயை வைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்க முடியாது என்பது ஒருநாளாவது அடுப்பெரித்தவனுக்குத் தெரிந்திருக்கும். ஓலைக்குக் கீழே எரிகிற தீயைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அத்தை உள்ளேதான் இருந்தாள். நாலு வருஷம்.

ஓலை என்றால் தீயும்தானே. இந்த மாநிலத்தில் ஓலைக் கூரையின் அழகைப் பற்றி எழுதுகிற எவனும் கீழ்வெண்மணியைத் தாண்டி எழுத முடியாது. 1968 டிசம்பர் 25 இரவு அங்கே ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டவர்கள் 44 பேர். 2004 ஜூலை 16இல் கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்துக் கீற்றுக் கூரை பற்றியெரிந்து 94 குழந்தைகள் இறந்தார்கள். ஓலையில் இருந்தது எல்லோருக்கும் விருப்பத்தின் பேரில் அமைந்ததும் இல்லை. பக்கத்துத் திருவிதாங்கூரில் சில சாதிகளுக்கு ஓடு போட உரிமையே இல்லாத காலம் இருந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. தெரிந்ததை ஒரு பக்கமும் என் படத்தை இன்னொரு பக்கமும் வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

உருவம், உள்ளடக்கம் என்று நம் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாகச் சண்டை போட்டாயிற்று. உருவத்தின் பக்கம் நின்றவன் நான். இரண்டையும் பிரிக்க முடியாது என்பதையும் சேர்த்தே சொல்வேன். அதற்கு அர்த்தம் இவ்வளவு ஸ்தூலமாக இருக்கும் என்று நினைத்ததில்லை. அத்தையின் நெஞ்சுக்குள் போன புகையும் கூரைக்குள் போன புகையும் ஒரே புகை. ஒன்றை நிறுத்தினால் மற்றது நின்றுவிடும். அந்த வீட்டின் கட்டுமானத்தில் பதினெட்டாவது ஜோடிக் கைமரமாக அத்தை இருந்திருக்கிறாள்.

பி.ஏ.வில் ஆங்கில இலக்கியம் படித்தபோது, கட்டடக் கலையின் தொடக்கம் குடிசைதான் என்று வாதிட்ட பிரெஞ்சுப் பாதிரியார் லோஜியே பற்றி ஒரு ஆசிரியர் சொன்னார். அவருடைய நூல் 1753இல் வந்தது. 1755 பதிப்பின் முகப்பில் ஒரு படம் உண்டு. இடிந்து கிடக்கும் தூண்களின் மேல் சாய்ந்தபடி ஒரு பெண், கட்டடக் கலையின் உருவகம், ஒரு குடிசையைச் சுட்டிக்காட்டுகிறாள். நான்கு மரங்களே தூண்கள். கிளைகள் சாய்ந்து கூரை. இதுதான் ஆதி, இதைப் பாருங்கள் என்கிறாள். பல வருஷம் எனக்குப் பிடித்த படமாக இருந்தது. சமீபத்தில் மறுபடி எடுத்துப் பார்த்தேன். அந்தக் குடிசைக்குச் சுவர் இல்லை என்பது பழைய கேலி. அடுப்பும் இல்லை. சுட்டிக்காட்டுகிற பெண்ணைத் தவிர, உள்ளே வேலை செய்கிற பெண் யாரும் இல்லை.

பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடிசை ஒன்று வருகிறது. ஈந்தின் ஓலை வேய்ந்த கூரையை முள்ளம்பன்றியின் முதுகுக்கு ஒப்பிடுவதைப் பலரும் எடுத்துச் சொல்வார்கள்; நானும் சொல்லியிருக்கிறேன். சிறந்த உவமைதான். ஆனால் உருத்திரங்கண்ணனார் அதோடு நிறுத்தவில்லை. உள்ளே பிள்ளை பெற்றவள் மான்தோலில் குழந்தையோடு படுத்திருக்கிறாள். மற்றப் பெண்கள் தரையைக் கிளறிப் புல்லரிசி எடுத்து, உரலில் குற்றி, உவர்த்தண்ணீர் மொண்டு, வாய் உடைந்த பானையில் சமைக்கிறார்கள். அடுப்பும் உடைந்த அடுப்பு. உடைந்தது என்பதுவரை பார்த்திருக்கிறார். கூரையைப் பார்த்த கண்ணுக்கு அடுப்பும் தெரிந்திருக்கிறது. நான் உவமையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

2023 டிசம்பர் 17, 18இல் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் ஒன்று நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோயிற்று. அத்தையை முதல்நாள் ராத்திரியே பக்கத்துத் தெருவில் மாடி வீட்டுக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். ஐந்து நாள் கழித்துத்தான் என்னால் போக முடிந்தது. கூரை விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். விழுந்தது சுவர். கரம்பை கரைந்து இறங்கிவிட்டது. கூரை ஒரே துண்டாக, தரையில் கவிழ்த்துவைத்த படகு மாதிரி, அப்படியே உட்கார்ந்திருந்தது. கட்டு ஒன்றும் பெரிதாக அவிழவில்லை. நாலு வருஷத்து மூட்டம் வேலை செய்திருக்கிறது என்று ஒரு கணம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

அரசாங்க உதவிக்கான மனுவை நானே பூர்த்தி செய்தேன். கூரையின் தன்மை என்ற இடத்தில் 'ஓலை' என்று எழுதினேன். வீட்டைப் பற்றி நான் முடித்த முதல் எழுத்து அதுதான். குடிசையில்லாத் தமிழ்நாடு என்பது இப்போது அரசின் இலக்கு. 2024இல் வந்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தின்படி ஒரு வீடு 360 சதுர அடி. அதில் 300 கான்கிரீட் கூரை, மிச்சம் 60க்குத் தீப்பிடிக்காத வேறு பொருள். இதைப் படித்துவிட்டு முன்னொரு காலத்தில் காரசாரமாக ஒரு கட்டுரை எழுதியிருப்பேன். இப்போது முடியவில்லை. கான்கிரீட் வீடு நல்ல வீடு என்று சொல்லவும் முடியவில்லை. சித்திரையில் அத்தையின் புது வீட்டுக்குள் உட்கார முடியாது. பகல் வெயிலை வாங்கிவைத்துக்கொண்டு ராத்திரி முழுவதும் இறக்குகிறது. மொட்டை மாடியில் பச்சை ஓலை பரப்பி மேலே கல் வைத்திருக்கிறாள்.

"பழைய வீடு குளுகுளுன்னு இருக்கும்லா, அத்தே?" என்று கேட்டேன். வேண்டுமென்றே கேட்டதுதான்.

"இருந்துது. இதுல ஜன்னல் இருக்கு. தேளு இல்ல. காலம்பற எந்திச்சா மூஞ்சில ஓலைத் தூசி இல்ல" என்றாள். சற்றுப் பொறுத்து, "குளுமை நல்லாத்தான் இருந்துது" என்றாள். ஒன்றை விட்டுக்கொடுத்து மற்றதை நிரூபிக்கும் அவசியம் அவளுக்கு இல்லை. இருமல் குறைந்திருக்கிறது, போகவில்லை. இனிப் போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கட்டுரையோடு வீட்டின் படத்தையும் போடலாம் என்று இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் எழுதியிருந்தார். பேரேட்டுத் தாளைத் தேடி எடுத்தேன். பதினேழு ஜோடிக் கைமரமும் இருக்கிறது. இறவாரத்தின் உயரம் அங்குலம் வரை இருக்கிறது. உத்திரத்தில் கொத்திய வருஷத்தைத் தனியே ஒரு கட்டத்தில் பெரிதாக வரைந்திருக்கிறேன். அடுக்களை என்று எழுதி ஒரு சதுரம். அதற்குள் ஒன்றுமில்லை. நான் அடுப்பை வரையவே இல்லை.

நினைவிலிருந்து வரையப் பார்த்தேன். எந்தச் சுவரை ஒட்டி இருந்தது என்பது வரவில்லை. அந்த வீட்டில் நூற்றுக்கணக்கான வேளை சாப்பிட்டிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அத்தையிடம் கேட்டேன்.

"நீ உக்காந்து சாப்பிடுத இடத்துக்கு நேர் எதுத்தாப்லதானய்யா இருந்துது" என்றாள். பிறகு எழுந்து, புது வீட்டுத் தரையில் பழைய சுவரைக் காலால் கோடு போட்டுக் காட்டி, தென்கிழக்கு மூலையிலிருந்து கையால் அளந்து சொன்னாள். கீழச் சுவரிலிருந்து ஒரு முழம், தெற்கிலிருந்து ஒன்றரை முழம். இரட்டை அடுப்பு, பக்கத்தில் கொடியடுப்பு ஒன்று. குறித்துக்கொண்டேன். ஆசிரியருக்கு அனுப்புகிற படத்தில் அது இருக்கும்.